2.675 கிலோ சிட்டையில் 2.67 ஆகிவிடுகிறது, பைத்தான் ரவுண்ட் ஏன் இப்படிச் செய்கிறது?

மல்லிக்கடை_தம்பி:
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் சித்தப்பாவுக்குக் கமிஷன் கடை. சிட்டை போட பைத்தானில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன், எடையை வாங்கி ரவுண்ட் போட்டு இரண்டு தசமத்துக்குச் சுருக்கி விலையால் பெருக்கும், அவ்வளவுதான். நேற்று திருமங்கலம் பக்கமிருந்து மல்லி கொண்டுவந்த பெரியவர் தராசில் 2.675 பார்த்திருக்கிறார், சிட்டையில் 2.67. "தம்பி, அஞ்சு கிராம் எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டார். கிலோ 900 ரூபாய்க்கு நாலரை ரூபாய், கேட்டது நியாயம்தான். 5 வந்தால் மேலே ஏற்ற வேண்டும் என்றுதானே படித்தோம்? 1.125 போட்டால் 1.12 வருகிறது, 1.375 போட்டால் மட்டும் 1.38. எக்செல்லில் மூன்றுமே மேலேதான் போகிறது.

அரைக்கால்:
ரெண்டு காரணம் கலந்து கிடக்கு தம்பி. கம்ப்யூட்டர் பின்னத்தை அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக உடைத்துத்தான் வைத்துக்கொள்ளும். 1.125 என்பது ஒன்றும் அரைக்காலும், பிசகாமல் உட்காரும். சரியாக நடுவில் நின்றால் பைத்தான் 3 கடைசி இலக்கம் இரட்டைப்படையாக இருக்கும் பக்கம் போகும், அதனால்தான் 1.12, அதே காரணத்துக்காகத்தான் 1.38. ஆனால் 2.675 அப்படி உட்காராது, உள்ளே 2.67499999999999982 என்றுதான் இருக்கிறது. அது நடுவிலேயே இல்லை, கீழே இறங்கத்தான் செய்யும்.

கூடல்நகர்_கோடர்:
தசம எண்ணை உடைக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளும் டெசிமல் மாட்யூல் போட்டு, இலக்கத்தைச் சுருக்கும் அதன் குவாண்டைஸில் ரவுண்ட் ஹாஃப் அப் (நடுவில் நின்றால் மேலே ஏற்று) கொடுங்கள், எக்செல் மாதிரியே வரும். எண்ணை மேற்கோள் குறிக்குள் எழுத்தாகவே கொடுக்கணும், ஃப்ளோட்டாக, அதாவது குறியில்லாமல் வெறும் தசம எண்ணாகக் கொடுத்தால் அந்த 2.67499தான் அப்படியே உள்ளே போகும்.

பழைய_கணக்குப்பிள்ளை:
அதெல்லாம் சரி, எடையை எதற்கு ரவுண்ட் செய்கிறாய்? உங்கள் தராசு ஐந்து ஐந்து கிராமாகத்தானே ஏறும்? அப்படியென்றால் மூன்றாவது இலக்கம் எப்போதும் 0 அல்லது 5, ஏறக்குறைய பாதி எடை சரியாக நடுவில் வந்து நிற்கும். மேலே ஏற்றினால் ஒவ்வொரு தடவையும் கடைக்கு நஷ்டம், இறக்கினால் விவசாயிக்கு. 200 எடை போட்டால் அரைக்கிலோ பூ யாரோ ஒருவர் கையிலிருந்து போகும், முகூர்த்த நாள் விலையில் அது சின்னக் காசில்லை. 2675 என்று கிராமிலேயே வாங்கு, 900 ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகு, 2407.50 ரூபாய். ரவுண்ட் செய்வதைக் கடைசியில் தொகைக்கு மட்டும் வைத்துக்கொள். கிலோவை ஆயிரத்தால் பெருக்கி இன்ட் (தசமத்தை வெட்டி முழு எண்ணாக்குவது) போட்டுவிடாதே, 1.005 அங்கே 1004.9999999999999 ஆகும், ஒரு கிராம் வெட்டுப்படும்.

மல்லிக்கடை_தம்பி:
ஐயோ, அந்த இன்டைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருந்தேன் அண்ணே. தராசு ஐந்து கிராம்தான், ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்துவிட்டேன். கிராமுக்கு மாற்றியாச்சு. ஐம்பது காசு வந்தால் ரூபாயாக்கி விவசாயிக்கே கொடுத்துவிடு என்று சித்தப்பா சொல்லிவிட்டார், பெரியவருக்கு 2408.