முதியோர் இல்லத்துக்கு முதலில் எதை வாங்குவது: சக்கர நாற்காலியா, கைப்பிடிக் கம்பியா?

கேட்பவர்: இல்லப் பொறுப்பாளர், குளச்சல் பக்கம்

அனைவருக்கும் வணக்கம். கடலோசை கேட்கும் தொலைவில் உள்ள ஒரு சிறிய முதியோர் இல்லத்தின் அன்றாடப் பொறுப்பை நான் கவனித்து வருகிறேன். தங்கியிருக்கும் 22 பேரில் ஏழு பேர் வாக்கர் அல்லது ஊன்றுகோல் கொண்டு நடப்பவர்கள். மூன்று பேர் படுக்கையிலேயே இருப்பவர்கள். ஆனி மழை தொடங்கிய பிறகு இரண்டு பேர் விழுந்துவிட்டார்கள். அவர்களில் 81 வயதுப் பாட்டா ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. இரண்டு விபத்துகளும் விடியுமுன், கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவில் நேர்ந்தவை.

இங்குள்ள ஓர் அம்மாவின் மகன் வளைகுடா நாட்டில் பணிபுரிகிறார். அவர் ஒன்றரை லட்சம் ரூபாய் தருவதாகவும், அதில் சக்கர நாற்காலிகள் நான்கும் எல்லாக் கட்டில்களுக்கும் பக்கத் தடுப்புகளும் வாங்க வேண்டும் என்றும் சொல்கிறார். நல்ல மனதோடு தருபவரிடம் மறுத்துப் பேசத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் அந்தப் பட்டியல் சரிதானா என்ற ஐயம் எனக்கு உண்டு. கட்டடம் பழைய வீடு. வாசலில் ஒன்றரை அடி உயரத்துக்கு மூன்று படிகள், உள்ளே வழவழப்பான டைல்ஸ் தரை, கழிவறைகளுக்கு பிவிசி கதவு.

பதில்: இயன்முறை மருத்துவர், மார்த்தாண்டம்

ஐயா, விபத்து நடந்த இடத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். பணம் முதலில் அங்கேதான் போக வேண்டும். சக்கர நாற்காலி வாங்குமுன் கழிவறைக் கதவை அளந்து பாருங்கள். 18 அங்குல இருக்கை கொண்ட வழக்கமான நாற்காலியின் மொத்த அகலம் ஏறத்தாழ 25 அங்குலம் வரும். கையால் சக்கரத்தைத் தள்ளுபவருக்கு இருபுறமும் விரல் இடம் வேறு வேண்டும். கதவுக்குள் நுழையாத நாற்காலி திண்ணையில் துணி காயப்போடத்தான் பயன்படும்.

அடுத்து, இப்போது கையில் இருக்கும் வாக்கர்களைச் சோதியுங்கள். செருப்பணிந்து நிமிர்ந்து நிற்பவர் கைகளைத் தொங்கவிடும்போது, பிடியின் மேல்மட்டம் மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். நன்கொடையாக வந்த வாக்கரை உயரம் மாற்றாமல் மூன்று பேர் மாறி மாறிப் பயன்படுத்துவதை நான் பல இல்லங்களில் பார்த்திருக்கிறேன். கால் நுனியில் உள்ள ரப்பர் புஷ்ஷின் அடிவரிகள் தேய்ந்திருந்தால் ஈர டைல்ஸில் அது சறுக்கும். சிறு தொகையில் மாற்றக்கூடிய பொருளுக்காக இடுப்பெலும்பைப் பணயம் வைக்கிறோம். ஒற்றை ஊன்றுகோலை வலியுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும் என்பதையும் பணியாளர்கள் அறிந்திருக்க வேண்டும்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். முட்டிக்கு முறிவெண்ணெய் தேய்த்துவிட்டு, உள்ளங்காலைத் துடைக்காமல் தரையில் இறங்குபவர்கள் நம்மிடையே ஏராளம்.

பதில்: வெல்டிங் பட்டறை, தக்கலை

கைப்பிடிக் கம்பி பற்றி மட்டும் எழுதுகிறேன். துண்டு தொங்கவிடும் கம்பியைக் கைப்பிடியாக நினைத்துவிடாதீர்கள். ஆள் பாரத்தில் அது டைல்ஸோடு பெயர்ந்து வரும். டைல்ஸைத் துளைத்துப் பின்னால் உள்ள சுவர்வரை சென்று பிடிக்கும் ஆங்கர் போல்ட் வேண்டும். குழாய் ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலம் விட்டமும், சுவருக்கும் குழாய்க்கும் ஒன்றரை அங்குல இடைவெளியும் போதுமானவை. இடைவெளி கூடினால், தடுமாறும்போது கை உள்ளே நழுவிச் சிக்கும். உயரத்தை நாங்கள் ஊகிப்பதைவிட, அங்கே உட்கார்ந்து எழுபவர்களை வைத்துக் குறித்துத் தருவதே நல்லது.

நீங்கள் கடலோரத்தில் இருப்பதால் குரோம் பூசிய இரும்பு வேண்டாம். உப்புக்காற்று விரைவில் அதைத் துருவாக்கிவிடும். 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் பழுப்புப் புள்ளிகள் வரும். விலை கூடினாலும் 316 தரத்தைக் கேளுங்கள். வாசலுக்குச் சாய்தளம் அமைப்பதானால் ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது கணக்கு. ஒன்றரை அடிக்கு 18 அடி தேவைப்படும். முற்றத்தில் அந்த நீளம் இல்லையென்றால் திருப்பிக் கட்டலாம், செங்குத்தாகக் கட்டிவிடாதீர்கள்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், நாகர்கோவில்

கட்டில் தடுப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே என்பதால் எழுதுகிறேன். எல்லாக் கட்டிலுக்கும் தடுப்பு என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. மனக்குழப்பம் உள்ளவர் தடுப்பைக் கண்டு படுத்துவிடுவதில்லை, அதன் மேல் ஏறி இறங்கப் பார்க்கிறார். அப்போது விழுவது முன்பைவிட அதிக உயரத்திலிருந்து. மெத்தைக்கும் தடுப்புக்கும் நடுவில் தலையோ கழுத்தோ மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. தானாக எழுந்து நடக்கக்கூடியவரைத் தடுப்புக்குள் வைப்பது பாதுகாப்பு ஆகாது, கட்டிப்போடுவதுதான்.

அதற்குப் பதிலாக, உட்காரும்போது இரண்டு பாதங்களும் முழுமையாகத் தரையில் படியும் அளவுக்குக் கட்டிலின் உயரத்தைக் குறையுங்கள். இரவில் அடிக்கடி எழுபவருக்குக் கட்டிலருகே கமோடு நாற்காலி (மலசலப் பாத்திரம் பொருத்தியது), கழிவறை வழியில் மின்தடையிலும் இன்வெர்ட்டரில் எரியும் சிறு விளக்கு, இரவுப் பணியாளரை அழைக்க ஒரு மணி. படுக்கையில் உள்ள மூவருக்குப் படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்று மெத்தை வாங்கலாம். ஆனால் மெத்தை வந்துவிட்டது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பதை நிறுத்திவிடக் கூடாது.

வருமானம் குறைந்த 60 வயதுக்கு மேற்பட்டோருக்கு, 2017 இல் தொடங்கிய மத்திய அரசின் ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டத்தில் வாக்கர், சக்கர நாற்காலி, காதொலிக் கருவி முதலியவை இலவசமாக வழங்கப்படுகின்றன. முகாம் பற்றி ஆட்சியர் அலுவலகத்திலோ, 14567 என்ற முதியோர் உதவி எண்ணிலோ விசாரியுங்கள்.

கேட்பவர்: இல்லப் பொறுப்பாளர்

மூவருக்கும் நன்றி. இன்று காலை அளந்து பார்த்தேன். கழிவறைக் கதவின் உள்ளகலம் 24 அங்குலம்தான். ஏழு பேரின் வாக்கர்களையும் ஊன்றுகோல்களையும் பார்த்ததில், நான்கில் புஷ் தேய்ந்து உலோகம் தரையில் உரசுகிறது. விழுந்த பாட்டாவின் வாக்கர் அவருடைய மணிக்கட்டைவிட மூன்று அங்குலம் உயரமாக இருக்கிறது. அவர் எவ்வளவு காலமாகத் தோளைத் தூக்கியபடி நடந்திருக்கிறார் என்பதை நான் கவனிக்கவே இல்லை. செவிலியர் அம்மாவிடம் இன்னும் ஒன்று: தடுப்பு வேண்டாம் என்று அந்த மகனிடம் எப்படிச் சொல்வது? அவருடைய தாயார்தான் இரவில் அதிகம் எழுபவர்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், நாகர்கோவில்

காணொளி அழைப்பில், அந்த அம்மா கட்டிலிலிருந்து எழுந்து கழிவறைவரை போகும் வழியை மகனுக்குக் காட்டுங்கள். கூடவே 24 அங்குலக் கதவையும் காட்டிவிடுங்கள்.