குடியிலிருந்து விடுதலை: ஜெபம், மருந்து, சாட்சி – உங்கள் அனுபவங்கள்

மணல்மேடு

சாட்சிக் கூட்டம் எப்படி நடக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போன மாதம் ஒரு கூட்டத்தில் அப்பாவை மேடைக்கு அழைத்தார்கள். ஆண்டவர் தன்னைக் குடியிலிருந்து தூக்கிவிட்டதைச் சொல்லத் தொடங்கினார். "பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தபோது" என்று வாயெடுத்ததும், ஊழியர் ஒருவர் மைக்கை வாங்கிக்கொண்டு "தேவனுக்கே மகிமை" என்று முடித்துவைத்தார். பாதிப் பேச்சோடு அப்பா மேடையில் நின்றது என் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

அப்பா கடல்தொழிலாளி. கரையேறினால் குடி. அத்தை வற்புறுத்தி உபவாச ஜெபத்துக்கு அழைத்துப்போனார், அப்பா ஒரேயடியாகக் குடியை நிறுத்தினார். இரண்டொரு நாளில், நள்ளிரவில் கட்டிலில் உட்கார்ந்து போர்வையை மடியில் போட்டு வலை கட்டத் தொடங்கினார். இடது கை கண்ணியை விரித்துப் பிடிக்கிறது. வலது கை, இல்லாத ஊசியை நுழைத்து இழுக்கிறது. முடிச்சு விழுந்ததும் பல்லால் நூலைக் கடித்து அறுக்கிறார். வியர்வை ஊற்றுகிறது. "விளக்கைத் தூக்கிப் பிடி பிள்ளை, விடிவதற்குள் கடலுக்குப் போக வேண்டும்" என்கிறார் என்னிடம். ஜெபிக்க வந்திருந்தவர்கள், பிசாசு வெளியேறுகிறது, பொறுத்திருங்கள் என்றார்கள். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, அவசரப் பிரிவில் இருந்த செவிலி ஒரே கேள்விதான் கேட்டார்: "கடைசியாகக் குடித்தது எப்போது?"

அப்பாவைக் காப்பாற்றியது கடவுள் என்றுதான் நானும் நம்புகிறேன். அந்தச் செவிலியின் கேள்வியும் அவர் அனுப்பியதுதான். அதைச் சாட்சியில் ஏன் சொல்லக்கூடாது?

நெல்லைச் சீமை

சகோதரி, உங்கள் தகப்பனாருக்காக ஸ்தோத்திரம். ஆனால் என் சாட்சி வேறு மாதிரி. கன்வென்ஷன் பந்தலில் முழங்கால் போட்ட இரவோடு எனக்குக் குடி அற்றுப்போனது. மறுநாள் பழக்கத்தில் கால் டாஸ்மாக் கடைக்கே போய்விட்டது. கம்பி வலைக்குள்ளே இருந்த விற்பனையாளர், நான் கேட்பதற்கு முன்பே வழக்கமான குவார்ட்டரை எடுத்து வைத்தார். நீட்டிய பணம் என் கையில் இருக்கிறது. பின்னால் வரிசை நெருக்குகிறது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் குமட்டியது. அதுவரை எனக்கு மணமாக இருந்த வாடை அது. பணத்தை மடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். நடுக்கமும் வரவில்லை, மாத்திரையும் தேவைப்படவில்லை.

இதை எந்த மருத்துவர் விளக்குவார்? மைக்கை வாங்கியது மரியாதை இல்லைதான். ஆனாலும் மேடை என்பது மகிமையை யாருக்குக் கொடுக்கிறோம் என்று காட்டும் இடம். ஆஸ்பத்திரிக்கு நன்றி சொல்ல வேறு இடங்கள் உண்டு.

ஓய்வுபெற்ற செவிலி

நெல்லைச் சகோதரருக்கு நடந்ததை நான் மறுக்கவில்லை. நடுக்கம் எல்லோருக்கும் வருவதில்லை. எவ்வளவு காலம், எவ்வளவு குடித்தார், முன்பு நிறுத்தியபோது என்ன ஆனது என்பதைப் பொறுத்தது. தனக்கு வரவில்லை என்பதற்காக இன்னொருவரை வீட்டிலேயே வைத்திருக்கச் சொன்னால் உயிர் போகும். எங்கள் வார்டுக்கு அப்படித் தாமதமாகக் கொண்டுவரப்பட்டவர்கள் உண்டு.

என் மனதில் நிற்பது ஓர் அம்மா. கணவருக்குத் தெரியாமல் மீன்குழம்பில் மாத்திரையைப் பொடித்துக் கலந்திருக்கிறார். யாரோ ரகசியமாக வாங்கிக் கொடுத்த டைசல்ஃபிராம், அதாவது மேலே குடித்தால் உடம்பு தாங்காமல் செய்து குடியை விடவைக்கும் மாத்திரை. அவர் அதைச் சாப்பிட்டுவிட்டுப் போய்க் குடித்திருக்கிறார். முகம் செக்கச் செவேலென்று, நெஞ்சு படபடத்து, வாந்தி நிற்காமல் கொண்டுவந்தார்கள். அந்த அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையில் மிச்ச மாத்திரையை முடிந்து வைத்திருந்தார்.

இதைப் படிக்கும் குடும்பத்தார் தயவுசெய்து கேளுங்கள். அந்த மாத்திரையை நோயாளி அறிந்து, சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும். நிறுத்திய பிறகும் ஏறத்தாழ இரண்டு வாரம் அதன் விளைவு உடலில் இருக்கலாம். நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுங்கத் தொடங்கும். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவது, இல்லாததைப் பார்ப்பது, மணல்மேடு சொன்னது போல இல்லாத வலையைக் கட்டுவது எல்லாம் வருவதாக இருந்தால் பெரும்பாலும் 2 முதல் 4 நாளுக்குள் வரும். வருவதெல்லாம் தொழில் சார்ந்தே இருப்பதும் உண்டு: ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்புவார், தையல்காரர் நூல் கோப்பார். பிசாசு இல்லை அது. மதுவுக்குப் பழகிய மூளை, மது திடீரென நின்றதும் கட்டுப்பாடில்லாமல் கொந்தளிக்கிறது. அந்த நிலையில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுங்கள் என்று கேட்காதீர்கள். பி1 வைட்டமின் ஊசி போட வேண்டும். இல்லாவிட்டால் நினைவாற்றலே நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

ஜெபியுங்கள், எண்ணெய் பூசுங்கள். வார்டில் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்தவர்களுக்கு நான் ஸ்டூல் எடுத்துப் போட்டிருக்கிறேன். பவுலோடு பயணம் செய்த லூக்கா வைத்தியர்தானே?

மன்னார்த் தங்கை

நெல்லை அண்ணா, உங்கள் சாட்சியைக் கேட்டு அழுகிறவர்களும் இருக்கிறார்கள். என் அண்ணன் அப்படித்தான். மடு மாதாவிடம் நேர்த்தி வைத்துக் கசிப்பை, அதாவது கள்ளச் சாராயத்தை, விட்டார். சில மாதத்தில் மறுபடி விழுந்துவிட்டார். அதற்குப் பிறகு குடித்தது ஆசைக்காக இல்லை, பயத்துக்காக. மாதாவுக்குக் கொடுத்த வாக்கை மீறிய தனக்கு இனி மன்னிப்பில்லை என்று முடிவு கட்டிவிட்டார். ஆவணித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வந்தவர், தோளில் இருந்த பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, "நீங்கள் போங்கள், நான் பஸ்ஸடியில் நிற்கிறேன்" என்றார். திருச்சொரூபப் பவனி முடியும்வரை அந்த வெயிலில் அங்கேயே நின்றார்.

எங்கள் பங்குத்தந்தைதான் அவரைத் தேடிப் போய்ப் பேசினார். டப்ளின் நகரத்து மேட் டால்பட்டின் கதையைச் சொல்லியிருக்கிறார். கூலித்தொழிலாளி, பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே குடியில் விழுந்தவர். 1884 இல், 28 வயதில், குடிப்பதில்லை என்று அவர் எடுத்த முதல் வாக்கு மூன்றே மாதத்துக்குத்தான். அதைக் காத்த பிறகு நீட்டினார், பிறகு வாழ்நாள் முழுக்க என்றாக்கினார். 1925 இல் திருப்பலிக்குப் போகும் வழியில் விழுந்து இறந்தார். 1975 இல் திருச்சபை அவருக்கு, புனிதர் பட்டத்துக்கான வழியில் ஒரு படியான வணக்கத்துக்குரியவர் என்ற நிலையைக் கொடுத்தது. மூன்று மாதம் என்று சொல்ல அவருக்கே வெட்கமில்லை, உனக்கு ஏன் என்று கேட்டாராம். அண்ணன் அன்றைக்கு ஒருநாள் வாக்கு எடுத்தார். இப்போதும் ஒருநாள் வாக்குத்தான். இடையில் விழுந்ததும் உண்டு. எந்த மேடையிலும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். அதனால் அது சாட்சி இல்லையா?

பெயர் வேண்டாம்

நான் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) உறுப்பினர். குடிநோயாளிகள் குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு அது, பெயர் சொல்வது எங்கள் வழக்கமில்லை. சேர்ந்த புதிதில் ஓரிரவு தாங்க முடியாமல் மூத்த உறுப்பினர் ஒருவருக்கு போன் செய்தேன். மொபெட்டில் வந்தார். குடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திண்ணையில் உட்கார்ந்து தன் மகளின் கல்யாணக் கணக்கை ஒப்பித்தார்: பந்தல், சமையல், யார் எவ்வளவு மொய் எழுதினார்கள், யார் எழுதாமல் சாப்பிட்டுப் போனார்கள். பால்காரர் மணியடித்தபோதுதான் எழுந்தார். ஜெபக்கூட்டங்களில் கிடைக்காத தேவ பிரசன்னத்தை நான் அந்த மொய்க் கணக்கில் உணர்ந்தேன்.

நெல்லைச் சகோதரருக்கு ஒன்று. எங்கள் அமைப்பு 1935 இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பில் வில்சன், டாக்டர் பாப் என்ற இரண்டு குடிநோயாளிகளின் சந்திப்பில் தொடங்கியது. இருவரும் ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தோடு தொடர்புள்ளவர்கள். அதற்கு முந்தைய டிசம்பரில் பில் வில்சன் கடவுளை நோக்கிக் கதறி, அறை முழுக்க ஒளி நிறைந்ததாகச் சொன்னாரே, அது நடந்தது நியூயார்க்கில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில், சிகிச்சையில் இருந்தபோது. தனக்கு மூளை கலங்கிவிட்டதோ என்று அவர் பயந்து கேட்டது தன் மருத்துவரிடம். கிடைத்ததைப் பிடித்துக்கொள் என்று சொன்னவரும் அந்த மருத்துவர்தான். அன்றோடு அவர் குடியை விட்டார். மருத்துவமனையை நீக்கிவிட்டு அந்தச் சாட்சியைச் சொல்ல முடியுமா?

நெல்லைச் சீமை

மருந்தை நான் பாவம் என்று சொல்லவே இல்லை. என் வார்த்தையைத் திருப்பாதீர்கள். மன்னார்ச் சகோதரியின் அண்ணனுக்காக இன்று ஜெபித்தேன், அவர் என்னைவிடக் கடினமான போராட்டம் போராடுகிறார். ஆனால் எனக்கு நடந்ததை நடந்தபடிதான் சொல்வேன். அதை நான் குறைத்துச் சொன்னால் அதுவும் பொய்ச்சாட்சிதான்.

மணல்மேடு

நடந்தபடி சொல்ல வேண்டும் என்பதுதான் அப்பாவின் வழக்கும், அண்ணா. மறுபடி மேடைக்கு அழைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியையும் சொல்லவிட்டால் வருகிறேன் என்று சொல்லியனுப்பினார். இதுவரை பதில் இல்லை.

புதியவர்

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். என் மாமா நேற்றுக் காலையோடு நிறுத்தியிருக்கிறார். கை நடுங்குகிறது, சாயங்காலத்திலிருந்து சுவரில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிவிடுகிறார். சுவரில் எறும்பு இல்லை. நாளை காலை ஜெபத்துக்குக் கூட்டிப்போவதாக இருக்கிறோம்.

ஓய்வுபெற்ற செவிலி

காலைவரை காத்திருக்காதீர்கள். இப்போதே 108ஐ அழைத்து, குடியை நிறுத்தியவர், இல்லாததைப் பார்க்கிறார் என்று சொல்லுங்கள். வண்டி வரும்வரை தனியாக விடாதீர்கள். அறையில் விளக்கு எரியட்டும். கட்டிப்போட வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம், வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடைசியாகக் குடித்த நேரம், ஒரு நாளைக்கு எவ்வளவு, முன்பு வலிப்பு வந்ததுண்டா என்று ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெபக்காரர்களை ஆஸ்பத்திரிக்கே வரச் சொல்லுங்கள்.