பழைய டோப்போ மேப்ல வீடெல்லாம் எங்க போச்சு? (சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு)

தோப்புக்காரன்:
லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்க இருக்கற சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கோட பழைய டோப்போ ஷீட்டுங்கள (மேடு பள்ளம், ரோடு, வீடெல்லாம் காட்டற மேப்) அமெரிக்க நிலவியல் துறையோட (யுஎஸ்ஜிஎஸ்) டோப்போவியூ சைட்லேர்ந்து இறக்கி, வருஷ வாரியா ஒண்ணுமேல ஒண்ணு வச்சு பாத்துட்டிருக்கேன். 1950கள்ல பச்சைப் புள்ளி புள்ளியா தோப்பு, நடுவுல வீட்டுக்கு ஒரு கறுப்புக் கட்டம், எண்ணிரலாம் போல இருக்கு. ஆனா சில இடம் முழுக்க வெளிர் ரோஸ் அடிச்சு ரோடு மட்டும்தான் இருக்கு, வீடே இல்ல. அடுத்த பதிப்புல எல்லாம் ஊதா. என்னங்க இது?

கான்டூர்பித்தன்:
ரோஸ்னா நெருக்கமான ஊர்ப்பகுதி. 1:24,000 அளவுல (மேப்ல 1 செ.மீ. = தரையில 240 மீ.) அத்தன வீட்டையும் போட்டா மை கொட்டின மாதிரி ஆயிடும், அதனால ஸ்கூல், சர்ச் மாதிரி முக்கியமான கட்டடத்த மட்டும் விட்டுட்டு மத்தத எடுத்துருவாங்க. வீட்ட எண்ணாதீங்க, தெருவ பாருங்க. ஊதா வந்து ஏரியல் போட்டோவ வச்சு பிறகு சேத்தது, நேர்ல போய் சரிபாக்கல. பெரும்பாலும் கான்டூர (உயரம் காட்டற கோடு) தொட்டிருக்க மாட்டாங்க, குன்ற வெட்டி மனை போட்ட எடத்துலயும் பழைய கோடுதான் ஓடும்.

ஓரக்குறிப்பு:
மேப் தலைப்புல இருக்கற வருஷத்த நம்பி எழுதிராதீங்க. கீழ ஓரத்துல போட்டோ எடுத்த வருஷம், களத்துல சரிபாத்த வருஷம், திருத்தின வருஷம்னு தனித்தனியா இருக்கும். ரெண்டு பதிப்புக்கு நடுவுல எப்ப வீடு வந்துச்சுன்னு மேப் சொல்லாது, அதுக்கு சான்டா பார்பரா யூனிவர்சிட்டி லைப்ரரியோட பழைய ஏரியல் போட்டோ பாருங்க.

தோப்புக்காரன்:
ஓ சரி. அப்போ 1900 வாக்குல வந்த ஷீட்ல பள்ளத்தாக்கு வெறிச்சோடி கெடக்கே, அது நெசமாவே காலியா?

கான்டூர்பித்தன்:
இல்லவே இல்ல. அங்க அப்ப மானாவாரி கோதுமை. பின்னாடி வந்த ஷீட்லதான் தோப்புக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் குறி உண்டு, கோதுமை வயலுக்கு அப்பவும் கிடையாது, வெள்ளையா விட்டுருவாங்க. 1911ல பள்ளத்தாக்குல இருக்கற வான் நைஸ் ஊருக்கு எலக்ட்ரிக் ரயில் வந்துச்சு, 1913ல ஓவன்ஸ் பள்ளத்தாக்குலேர்ந்து கால்வாய் தண்ணி. ஆனா அந்தத் தண்ணி வேணும்னா லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தோட சேரணும், 1915ல பெரும்பகுதி சேந்துருச்சு. பாசனத் தோப்பு பெருகினது அதுக்கு அப்புறம்தான், உங்க பச்சைப் புள்ளில பாதிக்கு மேல அந்தத் தண்ணியில வளந்ததாத்தான் இருக்கும்.

ஓரக்குறிப்பு:
இன்னொண்ணு, இப்போதைய சாட்டிலைட் படத்து மேல வச்சா ரோடு தள்ளி நிக்குதுன்னு அடுத்து கேப்பீங்க பாருங்க, உங்க 1950கள் ஷீட் என்ஏடி27ங்கற பழைய டேட்டத்துல (இடத்த அளக்கற அடிப்படை) போட்டது, டேட்டம் மாத்திக்கோங்க.


தோப்புக்காரன்:
கேக்கத்தான் வந்தேன் 😄