புதுப்பிப்பு: அப்பாவின் ஓய்வூதியப் பணம்

ஓய்வூதியம் தொடர, உயிரோடிருப்பதைக் காட்ட ஆண்டுதோறும் தரவேண்டிய ‘ஆயுள் சான்று காலாவதியாகிவிட்டது’ என்று மிரட்டி, அப்பாவிடம் ஓடிபி வாங்கி ஒருவன் 48,000 ரூபாயை உருவிக்கொண்டதை நான்கு மாதங்களுக்கு முன் எழுதியிருந்தேன். அன்று அரை மணி நேரத்துக்குள் இணையக் குற்றப் புகார் எண் 1930-ஐ அழைத்ததுதான் கைகொடுத்தது. வேறொரு கணக்கில் முடக்கப்பட்டிருந்த 31,000 ரூபாய், நீதிமன்ற உத்தரவின்பேரில் நேற்று திரும்பிவந்தது. மீதி போனது போனதுதான்.

பணத்தைவிட அப்பாவின் மௌனம்தான் என்னை வாட்டியது. மூன்று வாரம் கைப்பேசியைத் துண்டில் சுற்றி அலமாரிக்குள் வைத்திருந்தார். முதியோர் உதவி எண் 14567-இல் பேசிய பெண், “ஐயா, தப்பு உங்கள்மேல் இல்லை” என்றார். வீட்டில் நாங்கள் முதலில் சொல்லியிருக்கவேண்டிய வார்த்தை அது. அன்றிரவுதான் அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

வரும் நவம்பரில் தபால்காரரையே வரச்சொல்லப்போகிறோம். வீட்டுக்கே வந்து விரல்ரேகை பதிந்து ஆயுள் சான்று எடுத்துத் தருவார். கட்டணம் 70 ரூபாய்.