எத்தியோப்பியா யூனிட்டும் ஓமலூர் ஹாஸ்டலும்: என் அனுபவம்

நம்ம பக்கத்துக் கம்பெனிகள் வெளிநாட்டில் யூனிட் போடுவதைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அந்த ஊர் ஆளுங்களுக்கு வேலை ஓடாது, சொன்னா ஏறாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது எனக்கு ஒப்பவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சேலத்தில் ஒரு ஆயத்த ஆடை கம்பெனியில் பணியாளர் பிரிவில் இருந்தவன். எத்தியோப்பியாவின் ஹவாசா தொழிற்பேட்டை 2016ல் திறந்தது. அதற்குக் கொஞ்ச காலம் கழித்து எங்கள் ஆட்களும் அங்கே ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்தார்கள். அங்கே லைன் சூப்பர்வைசர் ஆகப்போகிற பெண்களை முதலில் இங்கே பயிற்சிக்கு அழைத்து வந்து ஓமலூர் பக்கம் ஹாஸ்டலில் தங்கவைத்தோம்.

முதல் பிரச்சனை சாப்பாட்டில் வந்தது. அவர்களில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரத நாள். கறி, முட்டை மட்டுமில்லை, பால், தயிர், நெய் எதுவும் ஆகாது. ஈஸ்டருக்கு முன்னால் 55 நாள் இதே கணக்குதான். நிர்வாகம் "சைவம் போட்டாச்சு" என்று தயிர்சாதத்தையும் நெய் ஊற்றிய பொங்கலையும் வைத்தது, அவர்கள் வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்தார்கள். மேனேஜர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். மெஸ்ஸில் சமைத்த அக்காதான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தட்டில் இருந்த ஒவ்வொன்றையும் விரலால் காட்டிக் காட்டி, எது ஆகும் எது ஆகாது என்று சைகையிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டார். "நமக்குப் புரட்டாசி சனி மாதிரிங்க, பாலும் சேர்த்து விட்டுடறாங்க, அவ்வளவுதான்" என்றார். அடுத்த புதன்கிழமை கடலைப்பருப்புக் குழம்பு, சுண்டல், காரச்சட்னி. சாயங்காலம் வெளியே கூட்டிப்போய்த் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தார். பீட்ரூட், கேரட், சட்னி, அதில் பால் சங்கதியே கிடையாதே. அதற்கப்புறம் அந்தப் பெண்கள் தட்டுவடைக் கடையை விடவே இல்லை. இத்தனைக்கும் வந்தவர்களில் பாதிப்பேர் புராட்டஸ்டன்ட், ஹவாசா பக்கம் அவர்கள்தான் நிறைய, அவர்களுக்கு இந்த விரதமே இல்லை. ஒரே ஊர்க்காரர்கள் என்று மொத்தமாக ஒரு பட்டியல் போட்டிருந்தால் அதுவும் தப்பாகியிருக்கும்.

பெயர் விஷயமும் இதே மாதிரிதான். அவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் வரும். நம்ம இனிஷியலை விரித்து எழுதினால் வருகிற அதே ஏற்பாடு. ஆனால் சம்பள சாஃப்ட்வேர் குடும்பப் பெயர் என்று கேட்க, யாரோ அப்பா பெயரை அதில் நிரப்பி, அடையாள அட்டையில் அதையே பெரிதாக அடித்துவிட்டார்கள். ஃப்ளோரில் ஒவ்வொரு பெண்ணையும் அவள் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இனிஷியல் போட்டே வளர்ந்த நம்ம ஆட்களுக்கு இது உடனே பிடிபட்டிருக்க வேண்டும்.

நேரக் கணக்கு ஹவாசாவில் உதைத்தது. அங்கே சூரிய உதயத்திலிருந்து மணி எண்ணுகிறார்கள், நம்ம காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. காலை 8 மணிக்கு வரச்சொல்லி நோட்டீசில் வெறுமனே "8" என்று போட்டால், அவர்கள் எடுத்துக்கொள்வது நம்ம கணக்கில் மதியம் 2 மணி. பக்கத்திலேயே "உள்ளூர் 2" என்று எழுத ஆரம்பித்ததும் அது சரியாகிவிட்டது. இதெல்லாம் சின்னச் சமாச்சாரம்.

பெரிய விஷயம் திட்டுவது. நம்ம ஃப்ளோரில் சூப்பர்வைசர் கத்துவார், "தையல் கோணலா போகுது, கண்ணு எங்க வெச்சிருக்க?" என்பார். பத்தரை மணிக்கு அவரே "வா கண்ணு, டீ குடிச்சிட்டு வரலாம்" என்பார். அவர் அந்தப் பெண்ணுக்கு அண்ணன் முறை, அவள் வீட்டு விசேஷத்துக்கு மொய் எழுதியவர். அந்த உறவு தாங்குவதால்தான் திட்டும் செல்லுபடியாகிறது. ஹவாசாவுக்கு நாங்கள் அனுப்பிய ஆட்கள் உறவை இங்கேயே விட்டுவிட்டுத் திட்டை மட்டும் கொண்டுபோனார்கள். லைனில் எல்லோரும் பார்க்க ஒரு பெண்ணைக் கத்தினால் அவள் பதிலே பேச மாட்டாள், மறுநாள் அவள் மிஷின் காலி, அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர்களின் மிஷினும் காலி. தலைமை அலுவலகத்துக்கு வந்த அறிக்கையில் இது "ஒழுங்கீனம்" என்று பதிவானது. எனக்கு இன்றைக்கும் அதில் கோபம் உண்டு.

பயிற்சிக்கு வந்தவர்களை ஒரு ஞாயிறு ஏற்காடு கூட்டிப்போனோம். அரபிகா காபி எத்தியோப்பியாவின் சொந்தச் செடி, கலெக்டர் காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்கு வந்தது. செடியைக் கண்டதும் அவர்களுக்கு அப்படியொரு சந்தோஷம். கொட்டை வாங்கிவந்து ஹாஸ்டலில் தாங்களே வறுத்து, இடித்துக் காபி போட்டார்கள். அவர்கள் வழக்கப்படி மூன்று சுற்று. முதல் சுற்றில் ஊர்க்கதை, இரண்டாவதில்தான் வேலையைப் பற்றி வாயைத் திறந்தார்கள்: யார் கை ஓங்குகிறார், யாருக்கு ஓவர்டைம் ஏறவில்லை, கழிப்பறைக்குப் போக ஏன் டோக்கன் என்று. பல மாதம் குறைதீர்ப்புப் பெட்டியில் ஒரு சீட்டு விழவில்லை, அன்றைக்கு ஒரு சாயங்காலத்தில் அத்தனையும் வந்தது.

அதில் முக்கியமானது கூலி. எத்தியோப்பியாவில் தனியார் வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி என்று சட்டத்தில் தொகை எதுவும் இல்லை. ஆடைத் தொழிலில் அடிப்படைச் சம்பளம் மாதம் 26 டாலர் என்று 2019ல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று எழுதியது. அதில் அறை வாடகை கொடுத்துச் சாப்பிடவும் முடியாமல்தான் பாதிப்பேர் ஊர் திரும்பினார்கள். அதையும் "கலாச்சார வேறுபாடு" கணக்கிலேயே எழுதி, ஆபீஸில் ஒருநாள் வகுப்பு எடுத்தார்கள். வகுப்புச் செலவை அறை வாடகைக்குக் கொடுங்கள் என்று நான் எழுதிக் கொடுத்தேன், மறுவருஷம் ஒரு பகுதி கொடுத்தார்கள், ஆள் நிற்கத் தொடங்கியது. 2022 ஜனவரியில் அமெரிக்கா அந்த நாட்டுக்கான வரிச்சலுகையை நிறுத்தியதும் ஆர்டர் குறைந்து ஷெட்டையே ஒப்படைத்துவிட்டார்கள், அது வேறு கதை.

இப்போது யாராவது வெளியே யூனிட் போடப்போகிறீர்கள் என்றால், அனுப்புகிற சூப்பர்வைசரை முதலில் உங்கள் மில்லிலேயே ஒடிசா, பீகார் பிள்ளைகள் இருக்கிற ஷிப்டில் மூன்று மாதம் போட்டுப் பாருங்கள். அங்கே எத்தனை பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், அவர் லைனில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். கூட ஒரு நல்ல சமையல் ஆளையும் அனுப்புங்கள், மேனேஜரிடம் நேராகப் பேசுகிற உரிமையோடு.