புதுப்பிப்பு: கீபாஸ்எக்ஸ்சிக்கு மாறிவிட்டேன்

எல்லாக் கணக்குக்கும் ஒரே கடவுச்சொல் வைத்திருக்கிறேன், மாற்ற எந்தக் கருவி நல்லது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பலரும் கீபாஸ்எக்ஸ்சியைச் சொன்னீர்கள்; கடவுச்சொற்களை எல்லாம் பூட்டிய ஒரே கோப்பில் சேமித்து வைக்கும் நிரல் அது. சரி என்று நிறுவிவிட்டேன்.

முதலில் பழைய கடவுச்சொல்லை அதிலேயே சோதித்தேன். ஏற்கெனவே கசிந்த பட்டியலில் இருக்கிறது! பாதுகாப்பு வல்லுநர் டிராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய, கசிந்த தகவல்களைத் திரட்டும் 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தின் தரவோடுதான் கீபாஸ்எக்ஸ்சி ஒப்பிடுகிறது. சோதிப்பதற்காகக் கடவுச்சொல்லையே வெளியே அனுப்பிவிடுமோ என்று பயம் இருந்தது. இல்லை. அதை ஷா-1 என்ற கணக்கீட்டு முறையால் மாற்றிக் கிடைக்கும் குறியீட்டில் (ஹாஷ்) முதல் 5 எழுத்துகள் மட்டும் அந்தத் தளத்துக்குப் போகின்றன. அப்படித் தொடங்கும் கசிந்த ஹாஷ்கள் எல்லாம் திரும்பி வருகின்றன. மீதி ஒப்பீடு நம் கணினியிலேயே நடக்கிறது. இதைப் படித்தபோது உண்மையிலேயே வியந்தேன்.

கோப்பைத் திறக்கும் தலைமைக் கடவுச்சொல்லை நானாக யோசிக்கவில்லை. 7776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து கருவியே தற்செயலாக எடுத்துத் தந்த 6 சொற்கள். ஏறக்குறைய 77 பிட் வலிமை, அதாவது ஊகிக்க முயல்பவர் 2-ஐ 77 முறை பெருக்கிய அளவு வாய்ப்புகளில் தேட வேண்டும். இரண்டு நாளில் மனப்பாடமாகிவிட்டது.

மற்ற கணக்குகளின் கடவுச்சொற்களை 20 எழுத்துகளில் உருவாக்கினேன். ஒரு வங்கித் தளம் மட்டும் 15-க்கு மேல் ஏற்கவில்லை, அது எனக்குக் கோபம்தான். அப்புறம், கடவுச்சொல் கோப்பின் நகல் ஒன்றைப் பென்டிரைவில் எடுத்து அக்கா வீட்டில் கொடுத்துவிட்டேன். இன்னும் 11 கணக்குகள் பாக்கி.