ஆப்ளிமின் சுழற்சி: எஸ்.பி.எஸ்.எஸ். ஒரு விடை, ஆர் வேறு விடை. எதை நம்புவது?

தரவுநிலா

காரணிப் பகுப்பாய்வு (பல கேள்விகளின் பதில்களுக்குப் பின்னால் இருக்கும் சில பொதுக் காரணிகளைக் கண்டுபிடிப்பது) செய்கிறேன்: ஐந்து புள்ளி அளவுகோலில் 18 கேள்விகள், 326 பேர். எத்தனை காரணிகள் எடுப்பது என்று சொல்லும் பேரலல் அனாலிசிஸ் 3 என்கிறது. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் காரணிகளைப் பிரித்தெடுக்கப் பிரின்சிபல் ஆக்சிஸ், அச்சுகளைத் திருப்பும் சுழற்சிக்கு டைரக்ட் ஆப்ளிமின் (காரணிகள் ஒன்றோடொன்று தொடர்புற விடும் சாய்வுச் சுழற்சி), சாய்வின் அளவைக் கட்டுப்படுத்தும் டெல்டா 0. ஆர் என்ற மென்பொருளில் சைக் பேக்கேஜின் எஃப்.ஏ. கட்டளை, அதே பிரின்சிபல் ஆக்சிஸ், அதே ஆப்ளிமின். 9ஆம் கேள்வியின் லோடிங் (காரணியோடு அதற்குள்ள பிணைப்பின் அளவு) எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் இரண்டாம் காரணியில் 0.38, மற்றவற்றில் ஒன்றுமில்லை. ஆரில் அதுவே 0.31 ஆகி, மூன்றாம் காரணியிலும் 0.14 ஏறுகிறது. முதலிரண்டு காரணிகளுக்கு இடையிலான தொடர்பு எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் 0.42, ஆரில் 0.35. எந்த மென்பொருளில் பிழை?

இன்னொன்று. எஸ்.பி.எஸ்.எஸ். சில சமயம் 25 சுற்றுகளில் சுழற்சி குவியவில்லை என்கிறது. சின்டாக்ஸில் (கட்டளை வரிகளில்) சுற்று வரம்பான ஐட்டரேட்டை 100 என்று மாற்றிய பிறகும் செய்தியில் 25 என்றே வருகிறது.

அணிக்கோவை

இரண்டிலும் பிழை இல்லை என்றே நினைக்கிறேன், ஆனால் சுழற்சியைத் தொடுமுன் அதற்கு முந்தைய படியைச் சரிபாருங்கள். இரண்டு வெளியீடுகளிலும் கம்யூனாலிட்டி (ஒரு கேள்வியின் மாறுபாட்டில் காரணிகள் விளக்கும் பங்கு) ஒத்துப்போகிறதா? சுழற்சி எதுவானாலும் கம்யூனாலிட்டி மாறாது. அது மாறியிருந்தால் சிக்கல் சுழற்சியில் இல்லை. விடுபட்ட பதில்கள் இருந்தால் எஸ்.பி.எஸ்.எஸ். இயல்பாக லிஸ்ட்வைஸ் முறையில் அந்த ஆளையே நீக்கிவிடும், சைக் பேர்வைஸ் முறையில், ஒவ்வொரு கேள்வி ஜோடிக்கும் இருக்கும் பதில்களை வைத்து, கணக்கிடும். இரண்டுக்கும் தொடர்பு அணியே வேறாகிவிடுகிறது. பிரின்சிபல் ஆக்சிஸை எப்போது நிறுத்துவது என்ற விதியும் வேறு: எஸ்.பி.எஸ்.எஸ். ஒவ்வொரு கம்யூனாலிட்டியிலும் ஏற்படும் மாற்றத்தில் பெரியதைப் பார்க்கிறது, சைக் மொத்தக் கூட்டுத்தொகையைப் பார்க்கிறது. மூன்றாம் தசமத்தில் சிறு வேறுபாடு வந்தால் அதனால்தான்.

கம்யூனாலிட்டி ஒத்துப்போனால் அடுத்த காரணம் கைசர் நார்மலைசேஷன் (சுழற்றுமுன் எல்லாக் கேள்விகளின் லோடிங் வரிசைகளையும் ஒரே நீளமாக்குவது). எஸ்.பி.எஸ்.எஸ். கேட்காமலே அதைச் செய்யும். சைக் அழைக்கும் ஜி.பி.ஏ.ரொட்டேஷன் பேக்கேஜின் ஆப்ளிமினில் நார்மலைஸ் இயல்பாக ஃபால்ஸ். எஸ்.பி.எஸ்.எஸ்.ஸின் டெல்டா 0, ஆரின் காமா 0 இரண்டும் ஒரே குவார்ட்டிமின் சுழற்சி என்பதால் அங்கே வித்தியாசம் இல்லை.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று ஒரு கணக்கு. ஒரு கேள்வியின் கம்யூனாலிட்டி 0.81, இன்னொன்றுடையது 0.16. அவற்றின் வர்க்கமூலம், அதாவது லோடிங் வரிசைகளின் நீளம், 0.9, 0.4. ஆப்ளிமின் அளவையில் லோடிங்குகளின் வர்க்கங்கள் ஒன்றோடொன்று பெருக்கப்படுவதால் நீளத்தின் நான்காம் படிதான் எடையாகிறது: 0.6561, 0.0256. அதாவது முதல் கேள்வி இரண்டாவதைப் போல் சுமார் 26 மடங்கு வலுவாக அச்சைத் தன் பக்கம் இழுக்கிறது. நார்மலைஸ் செய்தால் ஒவ்வொரு வரிசையும் அதன் நீளத்தால் வகுக்கப்பட்டு எல்லாம் 1 ஆகும், சுழற்றிய பிறகு திரும்பப் பெருக்கப்படும். உங்கள் 9ஆம் கேள்வியின் கம்யூனாலிட்டி குறைவாகத்தான் இருக்கும். அதனால்தான் அது ஆரில் இரண்டு காரணிகளுக்கும் சிதறுகிறது.

செய்ய வேண்டியது: எஃப்.ஏ.வில் ரொட்டேட் என்பதற்கு நன் கொடுத்து, சுழற்றாத லோடிங்கை மட்டும் எடுங்கள். அதை ஜி.பி.ஏ.ரொட்டேஷனின் ஆப்ளிமினுக்கு நேரடியாகக் கொடுத்து நார்மலைஸ் ட்ரூ என்று போடுங்கள். இன்னும் உறுதியாக வேண்டுமானால் எஸ்.பி.எஸ்.எஸ்.ஸின் ஃபேக்டர் மேட்ரிக்ஸையே ஆருக்குக் கொண்டுவந்து சுழற்றுங்கள். கட்டத்தை இரட்டைச் சொடுக்கினால் மூன்று தசமத்துக்கு மேலும் தெரியும்.

சுழல்அச்சு

ஐட்டரேட் விஷயம். டயலாகில் பேஸ்ட் அழுத்தினால் சின்டாக்ஸில் கிரைட்டீரியா வரி இரண்டு முறை வரும். எக்ஸ்ட்ராக்‌ஷனுக்கு முன்னால் வருவது காரணி பிரித்தெடுப்புக்கு. ரொட்டேஷனுக்கு முன்னால், டெல்டாவோடு சேர்ந்து வருவதுதான் சுழற்சிக்கு. பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவதை மட்டும் மாற்றிவிட்டு விடுகிறார்கள். இரண்டாவதில் 100 போடுங்கள். 100க்கும் குவியவில்லை என்றால் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். அது காரணிகள் அதிகம் எடுத்ததன் அறிகுறியாகவே பெரும்பாலும் இருக்கும். மினைகன் 1 (ஐகன் மதிப்பு 1ஐத் தாண்டும் காரணிகளை எல்லாம் எடுப்பது) என்ற இயல்பு விதி அப்படியே இருந்து, இரண்டே கேள்விகள் ஏறிய சொத்தைக் காரணி ஒன்று உள்ளே வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒப்பிடும்போது பேட்டர்ன் மேட்ரிக்ஸைப் பேட்டர்னோடுதான் ஒப்பிட வேண்டும். எஸ்.பி.எஸ்.எஸ். பேட்டர்ன் (ஒவ்வொரு காரணியின் தனிப் பங்கு), ஸ்ட்ரக்ச்சர் (கேள்விக்கும் காரணிக்கும் உள்ள முழுத் தொடர்பு) இரண்டையும் தருகிறது, சைக் அச்சிடுவது பேட்டர்ன் மட்டும். பேட்டர்ன் 0.70, 0.05 என்றும் காரணித் தொடர்பு 0.40 என்றும் வைத்துக்கொண்டால் ஸ்ட்ரக்ச்சர் 0.72, 0.33 ஆகும். கம்யூனாலிட்டியும் பேட்டர்ன் வர்க்கங்களின் கூட்டல் அல்ல. கூட்டினால் 0.4925 வரும், சரியான விடை 0.5205. சாய்வுச் சுழற்சியில் அந்தக் கூட்டலைப் போட்டுவிட்டு மென்பொருள் தப்பு என்று எழுதும் பதிவுகள் நிறைய.

தரவுநிலா

மிக்க நன்றி. லிஸ்ட்வைஸுக்கு மாற்றியதும் கம்யூனாலிட்டி மூன்று தசமம் வரை ஒத்துவருகிறது. 9ஆம் கேள்வியுடையது 0.17. நார்மலைஸ் ட்ரூ போட்டதும் 0.38, தொடர்பு 0.42. ஐட்டரேட்டும் நீங்கள் சொன்ன இடத்தில்தான் இருந்தது.

ஆனால் ஆரின் ஃபேக்டனால் கட்டளையில் ப்ரோமாக்ஸ் (இன்னொரு சாய்வுச் சுழற்சி) வைத்துப் பார்த்தால் காரணித் தொடர்புகள் குழப்புகின்றன. முதல் காரணிக்கும் மூன்றாவதற்கும் வரவேண்டிய பெரிய தொடர்பு இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் வருகிறது. ஓர் இடத்தில் குறியும் மாறியிருக்கிறது.

அணிக்கோவை

இது உண்மையான பிழை, உங்கள் கண் சரியாகப் பிடித்திருக்கிறது. ஃபேக்டனால் சுழற்றி முடித்த பிறகு நெடுவரிசைகளை வர்க்கக் கூட்டுத்தொகையின் இறங்குவரிசையில் மாற்றி அடுக்கும். மொத்தம் எதிர்மறையாக வரும் நெடுவரிசையின் குறியையும் திருப்பிவிடும். பழைய ஆர் பதிப்புகளில் லோடிங் மட்டும் அப்படி மாறுகிறது, ரொட்மேட் (சுழற்சி அணி) பழைய வரிசையிலேயே நின்றுவிடுகிறது. அச்சாகும் தொடர்பு அணி ரொட்மேட்டிலிருந்து கணக்கிடப்படுவதால் ஃபேக்டர் 1 என்ற பெயர் இரண்டு இடத்திலும் ஒரே காரணியைக் குறிப்பதில்லை.

எந்த மென்பொருளுக்கும் பொருந்தும் சோதனை ஒன்று உண்டு. சுழற்றாத லோடிங்கை அதன் டிரான்ஸ்போஸோடு (வரிசையை நெடுவரிசையாக மாற்றிய அணி) பெருக்குங்கள். பேட்டர்ன், காரணித் தொடர்பு அணி, பேட்டர்னின் டிரான்ஸ்போஸ் மூன்றையும் அதே வரிசையில் பெருக்குங்கள். இரண்டு விடைகளின் வித்தியாசத்தில் மிகப் பெரிய எண் கணினிப் பிழையளவில், பத்தாம் தசமத்துக்கும் அப்பால், இருக்க வேண்டும். இரண்டாம் மூன்றாம் தசமத்திலேயே வித்தியாசம் தெரிந்தால் லோடிங்கும் தொடர்பு அணியும் ஜோடி சேரவில்லை. உங்கள் ஆப்ளிமின் விடைகள் இரண்டுமே இந்தச் சோதனையில் தேறும், ஃபேக்டனாலின் ப்ரோமாக்ஸ் தேறாது. வெறும் விருப்பத்தேர்வு வேறுபாட்டையும் பிழையையும் இப்படித்தான் பிரிக்கிறோம்.

தீர்வு: ஃபேக்டனாலைச் சுழற்சியின்றி ஓட்டி, அந்த லோடிங்கை ப்ரோமாக்ஸ் கட்டளைக்குத் தனியாகக் கொடுங்கள். அது தரும் லோடிங்கும் ரொட்மேட்டும் ஒரே வரிசையில் இருக்கும். ரொட்மேட்டின் இன்வெர்ஸை அந்த இன்வெர்ஸின் டிரான்ஸ்போஸால் பெருக்கினால் காரணித் தொடர்பு. சைக்கில் நெடுவரிசைப் பெயர்கள் 1, 3, 2 என்று வருவதைப் பார்த்து இதே பிழை என்று எண்ண வேண்டாம். அங்கே பெயரும் சேர்ந்தே நகர்கிறது.

புள்ளிக்கோலம்

ப்ரோமாக்ஸுக்குப் போனால் கவனம்: அதன் அடுக்கு எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் கப்பா 4, ஆரில் எம் 4, சாஸ் மென்பொருளில் பவர் இயல்பாக 3. அடுக்கு ஒன்றாக இருந்தாலும் இலக்கு அணியை நார்மலைஸ் செய்வதில் எஸ்.பி.எஸ்.எஸ்.ஸும் சைக்கும் வேறுபடுகின்றன. எஸ்.பி.எஸ்.எஸ். விடையை ஆரில் அப்படியே எடுக்க இ.எஃப்.ஏ.டூல்ஸ் பேக்கேஜில் டைப் என்பதற்கு எஸ்.பி.எஸ்.எஸ். கொடுத்தால் போதும்.

பைத்தானின் ஃபேக்டர் அனலைசரில் நார்மலைஸ் வேரிமாக்ஸுக்கும் ப்ரோமாக்ஸுக்கும் மட்டும்தான், ஆப்ளிமினுக்கு இல்லை. ஆகவே அது ஆரின் இயல்பு விடையோடுதான் ஒத்துப்போகும். அது சார்ந்திருக்கும் சைகிட்-லேர்ன் பேக்கேஜின் 1.6இல் ஃபோர்ஸ் ஆல் ஃபைனைட் என்ற ஆர்க்யுமென்ட்டின் பெயர் மாறி, 1.8இல் பழைய பெயர் நீக்கப்பட்டது. பழைய ஃபேக்டர் அனலைசர் அந்தப் பெயரைத்தான் அழைக்கிறது, எனவே ஃபிட் செய்யும்போதே டைப்எரர் வந்து நிற்கும். அதற்குச் சைகிட்-லேர்னை 1.8க்குக் கீழே நிறுத்தி வையுங்கள்.

கட்டுரையில் எழுதும்போது ஆப்ளிமின் என்று மட்டும் போடாமல் மென்பொருள், பதிப்பு, டெல்டா, கைசர் நார்மலைசேஷன் உண்டா இல்லையா, விடுபட்ட பதில்களைக் கையாண்ட முறை ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். சுழற்றாத லோடிங்கையும் பின்னிணைப்பில் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் மீண்டும் சுழற்றிப் பார்க்கலாம்.